கபடிக்கு ஆள் எடுப்பதும் ஆளாக்குவதும்

ரைடு போன, அதாவது எதிரணிக் களத்துக்குள் பாடிப் போன பையன் பிடிபட்டு அவுட் ஆகிறான். எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே போய் உட்காருகிறான். கூட்டம் அதற்குள் எதிரணியின் ரைடைப் பார்க்கத் திரும்பிவிடும். ஆள் எடுக்க வந்த பயிற்சியாளர் மட்டும் அந்தப் பையனையே இன்னும் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பார். தோழனைத் திட்டுகிறானா, நடுவரிடம் கை நீட்டுகிறானா, தலையைக் குனிந்துகொண்டு புல்லைப் பிய்க்கிறானா, இல்லை உட்கார்ந்த இடத்திலிருந்தே "வலது கார்னர் முன்னாடி வர்றான், பாத்துக்கோ" என்று, வலது ஓரத்தில் நின்று பிடிக்கிறவனைக் காட்டி, உள்ளே இருப்பவனுக்குக் குரல் கொடுக்கிறானா?

கபடியில் அவுட் ஆனவர் அத்தோடு முடிந்துபோவதில்லை. தன் அணி எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால், முதலில் வெளியே போனவர் முதலில் உள்ளே வருவார். ஆகவே வெளியே உட்கார்ந்திருக்கும் நேரமும் ஆட்டம்தான். அந்த நேரத்தில் ஒருவர் எப்படி இருக்கிறார் என்பதைப் பார்த்தே பாதி முடிவை எடுத்துவிடலாம். மீதிப் பாதிதான் ஓட்டமும் பிடியும்.

புதிதாக அணி கட்டுகிறவர்கள், பள்ளியில் கபடி பார்த்துக்கொள்ளும் உடற்கல்வி ஆசிரியர்கள், பிள்ளையைச் சேர்த்துவிடலாமா என்று யோசிக்கும் பெற்றோர் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். ஒரு நல்ல பயிற்சியாளர் எதைப் பார்த்து ஆளை எடுக்கிறார், எடுத்த பிறகு என்ன செய்கிறார், எங்கே சறுக்குகிறது என்பதே விஷயம்.

ஆட்டம் கேட்பது என்ன

ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12க்கு 8. இரண்டு பக்கமும் லாபி என்ற ஒரு மீட்டர் ஓரப்பட்டை. தொடுதலோ பிடியோ நிகழும்வரை லாபியில் கால் வைத்தால் அவுட். ஒரு ரைடுக்கு 30 விநாடி. அடுத்தடுத்து இரண்டு ரைடு புள்ளி இல்லாமல் போனால் மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லையென்றால் ரைடர் அவுட். உள்ளே 7 பேர், மாற்று ஆட்கள் 5 பேர். சீனியர் ஆண்களுக்கு எடை உச்சவரம்பு 85 கிலோ, பெண்களுக்கு 75 கிலோ. இளையோர் பிரிவுகளில் வரம்பு இன்னும் குறைவு, அங்கே வயதும் சேர்ந்து வரும்.

இந்த எண்களிலேயே பயிற்சியாளருக்கு வேண்டிய குறிப்புகள் இருக்கின்றன. நடுக்கோட்டிலிருந்து கடைசிக் கோடு ஆறரை மீட்டர்தான். ஆகவே நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாக வருகிறவனைவிட, முதல் இரண்டு அடியில் வெடித்துக் கிளம்பி மூன்றாவது அடியில் நின்று திரும்புகிறவன்தான் இங்கே வேகமானவன். எடைக்கு வரம்பு இருப்பதால் கனமான உடம்பைவிட தன் எடைக்கு மிஞ்சிய பலம் உள்ள உடம்பே முக்கியம். தொண்ணூறு கிலோ மூட்டையைத் தூக்கும் பலசாலியை ஐம்பத்தெட்டு கிலோ பையன் கணுக்காலில் பிடித்து உட்காரவைத்துவிடுவதை ஊர்ப்போட்டிகளில் எத்தனையோ முறை பார்க்கலாம்.

எங்கே தேடுகிறார்கள்

பள்ளிகளின் குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, முதலமைச்சர் கோப்பை, விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வு ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த இடங்கள். அங்கே எல்லாப் பயிற்சியாளர்களும் இருப்பார்கள். கோயில் கொடையையும் பொங்கலையும் ஒட்டி ஊர் ஊராக நடக்கும் மின்னொளி கபடிப் போட்டிகள் இன்னொரு இடம். ரயில்வே, வங்கி, காவல்துறை அணிகளுக்கு ஆள் பார்க்கிறவர்கள் இங்கே அமைதியாக வந்து நின்றுவிட்டுப் போவார்கள். 2014இல் புரோ கபடி லீக் தொடங்கி, 2017இல் தமிழ் தலைவாஸ் அணி வந்த பிறகு இந்தத் தேடல் இன்னும் கூடியிருக்கிறது.

களமே இல்லாத இடங்களும் உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியா ஆண், பெண் இரு பிரிவுகளிலும் கபடித் தங்கம் வென்றது. பெண்கள் அணியில் ஆடிய கார்த்திகா சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்தவர். ஆண்கள் அணியில் ஆடிய அபினேஷ் திருவாரூர் மாவட்டம் வடுவூரைச் சேர்ந்தவர். வடுவூர் கபடிக்குப் பேர்போன ஊர். கண்ணகி நகரோ நகரத்திலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் குடியேற்றிய பகுதி. இரண்டு இடத்திலும் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களைப் போய்ப் பார்க்க ஆளும் இருந்தது. ஆள் போகாத இடங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன என்பதைத்தான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பல ஊர்களில் கபடி அணி தெருவாரியாகப் பிரிந்தே இருக்கிறது. தெரு என்றால் சாதி. தன் தெருப் பையன்களை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அடுத்த தெருவின் கார்னர் தெரியமாட்டான். ஒரு பயிற்சியாளர் மூன்று ஆண்டுகளில் எடுத்த ஆட்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதி, எதிரே தெருப்பெயரை எழுதிப் பார்க்கட்டும். ஒரே தெரு திரும்பத் திரும்ப வந்தால், தேர்வு நேர்மையாக நடக்கவில்லை.

தேர்வு நாளில் அளப்பதும் அளக்க முடியாததும்

உயரம், எடை, இரு கைகளையும் விரித்த நீளம், நின்ற இடத்திலிருந்து நீளத்தாண்டல், 30 மீட்டர் ஓட்டம், 10 மீட்டரை நான்கு முறை ஓடித் திரும்பும் ஷட்டில். ஒரு டேப், ஒரு ஸ்டாப்வாட்ச், கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தால் இதற்குப் போதும். கூடவே ஒன்றைச் சேர்க்க வேண்டும். 30 மீட்டரை ஆறு முறை, இடையில் 30 விநாடி ஓய்வோடு ஓடவிட்டு, முதல் ஓட்ட நேரத்தையும் ஆறாவது ஓட்ட நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முதல் ஓட்டத்தில் முந்தியவன் ஆறாவதில் எங்கே இருக்கிறான் என்பதே கபடிக்கு வேண்டிய கணக்கு. 40 நிமிட ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம் அந்த ஆறாவது ஓட்டம் மாதிரிதான் இருக்கும்.

இந்த எண்களை மட்டும் நம்பி எடுத்தால் வருகிற தவறு ஒன்று உண்டு. 13, 14 வயதில் சில பிள்ளைகள் முன்னதாகவே வளர்ந்துவிடுவார்கள். மீசை அரும்பியவனும் குரல் உடையாதவனும் ஒரே வயதுப் பிரிவில் நிற்பார்கள். வளர்ந்தவன் எல்லா அளவையிலும் ஜெயிப்பான், ஆட்டத்திலும் தள்ளிவிட்டே ஜெயிப்பான். தள்ளினாலே போதும் என்பதால் கால்வேலை கற்கமாட்டான். 17 வயதில் மற்றவர்களும் வளர்ந்து நிற்கும்போது அவன் கையில் ஒன்றும் இருக்காது. அதே போல, வயதுக்கணக்கு ஜனவரி 1 என்றால், ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம். பிறந்த மாதத்தைப் பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்வது நல்லது. பெரிய பையன்களுக்கு நடுவே சின்ன உடம்போடு தப்பித்துத் தப்பித்து நடுக்கோட்டுக்குத் திரும்பி வருகிற ஒருவன் இருப்பான். அவன் காலைப் பாருங்கள். அவன் ஏற்கெனவே மூளையால் ஆடிக்கொண்டிருக்கிறான்.

வயதைக் குறைத்துக் காட்டும் சான்றிதழ்களும் வரும். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ச்சியைப் பார்த்து வயதை மதிப்பிடும் சோதனை மேல்மட்டப் போட்டிகளில் நடக்கிறது. அங்கே மாட்டினால் தடை வாங்குவது பிள்ளை. கண்டும் காணாமல் விட்ட பயிற்சியாளர் வீட்டில் இருப்பார்.

அடுத்து, எது வரும், எது வராது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிடி கற்றுக்கொடுக்கலாம். மூச்சைக் கட்டிக் "கபடி கபடி" என்று விடாமல் பாடுவதும் கற்றுக்கொடுக்கலாம். தொடைப்பலம் ஆறு மாதத்தில் ஏறும். எதிராளியின் இடுப்பு திரும்புவதைப் பார்த்த மாத்திரத்தில் கால் நகர்வது, கற்றுக்கொடுத்தாலும் ஓரளவுக்குத்தான் வரும். அதைச் சோதிக்க எளிய வழி: இரண்டு பேரை இரண்டு மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, ஒருவர் இடம் வலமாக ஆட, மற்றவர் கண்ணாடி மாதிரி அதையே செய்ய வேண்டும். 20 விநாடி போதும். யார் கண் எதிராளியின் முகத்தில் இருக்கிறது, யார் கண் இடுப்பில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். முகம் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. இதை யாரும் சொல்லித் தராமலே இடுப்பைப் பார்க்கிற பிள்ளை கிடைத்தால் விடாதீர்கள்.

குணத்தை எப்படிப் பார்ப்பது

'நல்ல பையன்' என்று எல்லோரும் சொல்வார்கள், அதில் ஒன்றும் இல்லை. கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக மாற்றினால்தான் குணத்தை மதிப்பிட முடியும்.

மேலே சொன்ன உட்காரும் நேரம் ஒன்று. தொடுதல் இன்னொன்று. ரைடரின் விரல்நுனி சட்டை ஓரத்தை உரசிப் போயிருக்கும். நடுவர் பார்த்திருக்கமாட்டார். தொடப்பட்டவனுக்கு மட்டும் தெரியும். கையை உயர்த்தித் தானே வெளியே நடக்கிறவனும் இருக்கிறான், "டச்சே இல்ல சார்" என்று சத்தியம் பண்ணுகிறவனும் இருக்கிறான். முதலாமவன் ஒரு புள்ளியை இழந்தான். ஆனால் நாளைக்கு முழங்கால் வலித்தால் வலிக்கிறது என்று சொல்வான், தூங்கவில்லை என்றால் தூங்கவில்லை என்று சொல்வான். பயிற்சியாளருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

தேர்வு நாளில் வேண்டுமென்றே ஒரு புதுப் பயிற்சியைக் கொடுங்கள், யாருக்கும் முதல் முறையே வராத ஒன்றை. உதாரணமாக, டப்கி: இரண்டு பேர் கைகோத்து நிற்க, அவர்கள் கைக்குக் கீழே குனிந்து நுழைந்து வெளியே வருவது. முதல் முறை எல்லோரும் மாட்டுவார்கள். மூன்றாவது முறை மாட்டியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சிலர் சிரித்து மழுப்பிப் பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். ஒருவர் வந்து, "சார், எந்தக் காலை முன்னாடி வைக்கணும்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு முடிந்து மேட் மடிக்கும் நேரத்திலும் நின்று பாருங்கள். மேட் துண்டுகளை யார் அடுக்குகிறார்கள், யார் பேக்கை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். தன்னைவிடச் சின்னவனிடம் எப்படிப் பேசுகிறான். பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் "எப்படி ஆடுவான்?" என்று கேட்காதீர்கள், அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். "டீம்ல எடுக்காத வருஷம் பிராக்டீஸுக்கு வந்தானா?" என்று கேளுங்கள்.

இதிலும் ஏமாறுவதற்கு இடம் இருக்கிறது. சத்தமாகப் பேசுகிறவனைத் தலைவன் என்றும், பேசாதவனை ஆர்வமில்லாதவன் என்றும் எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. புது இடம், புது முகங்கள், மதியச் சாப்பாடு இல்லாமல் இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு, இவையெல்லாம் ஒரு பிள்ளையை வாயடைக்கவைக்கும். ஒரே நாளில் குணத்துக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது. குறைந்தது மூன்று தடவை, அதில் ஒரு தடவையாவது தோற்கிற ஆட்டத்தில் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குப் போய்ப் பேசுவது

பிடித்துப்போன பிள்ளையை எடுப்பதென்றால் பேச வேண்டியது அப்பா அம்மாவிடம். வீட்டுக்கே போய்ப் பேசுவது நல்லது. சொல்ல வேண்டியவை: வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், விடுதி என்றால் எந்தப் பள்ளியில் படிப்பு, அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, அவசரத்துக்கு யாரை அழைப்பது. சொல்லக்கூடாதது ஒன்றே ஒன்று: "கவர்ன்மென்ட் வேலை வாங்கிக் குடுத்துடுவேன்." விளையாட்டு வீரர்களுக்குத் தமிழக அரசுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மை. அதற்குக் குறிப்பிட்ட மட்டத்துச் சான்றிதழ்கள் வேண்டும், போட்டியும் அதிகம். இருப்பதை இருக்கிறபடி சொன்னால் போதும். வாக்குறுதியை நம்பிப் பிள்ளையின் படிப்பை நிறுத்திய குடும்பம் பிறகு யாரிடம் போய்க் கேட்கும்?

பெண் பிள்ளைகள் என்றால் பேச்சு இன்னும் நீளும், நீள வேண்டும். இருட்டுவதற்கு முன் பயிற்சி முடியுமா, களத்துக்குப் பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா, வெளியூர் போட்டிக்குக் கூட வரும் பெண் யார், மாதவிடாய் நாளில் வரமுடியவில்லை என்றால் யாரிடம் சொல்வது. ஷார்ட்ஸ் போடுவதற்கு வீட்டில் தயக்கம் இருந்தால், ஆரம்பத்தில் ட்ராக் பேண்டில் பயிற்சி செய்யட்டும். அதைக் காரணமாக வைத்து ஒரு நல்ல ரைடரை இழக்காதீர்கள்.

முதல் ஆறு மாதம்

வந்த முதல் வாரத்திலேயே பிடி போடச் சொல்வது பெரிய தவறு. முதலில் விழக் கற்றுக்கொள்ள வேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு தோளால் உருள்வது, கையை விறைப்பாக ஊன்றாமல் இருப்பது. கையை ஊன்றி விழுகிறவனுக்கு மணிக்கட்டோ கழுத்துப்பட்டை எலும்போ போகும். மூன்று வாரம் தினமும் பத்து நிமிடம் இதற்கே ஒதுக்குங்கள்.

கூடவே முழங்கால். கபடியில் ஓடிவந்த வேகத்தில் ஒற்றைக் காலில் நின்று திரும்பும்போது முழங்கால் உள்பக்கமாக மடிந்து உள்ளிருக்கும் தசைநார் கிழிவது, ஆட்ட வாழ்க்கையையே ஒரு வருடம் நிறுத்திவைக்கும் காயம். ஒரு அடி உயரத் திண்ணையிலிருந்து குதித்து, முழங்கால் உள்ளே சாயாமல், பாதவிரலுக்கு நேராக மடியும்படி இறங்குவது: 8 முறை, இரண்டு சுற்று, வாரத்தில் மூன்று நாள். மண்தரையில் பழகியவன் மேட் விரித்த களத்தில் ஏறும் முதல் இரண்டு வாரம் இன்னும் கவனம் வேண்டும். மண்ணில் கால் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மேட் மீது ஷூ அப்படியே பிடித்துக்கொள்ளும், திருகல் முழுதும் முழங்காலுக்குப் போகும்.

ஒன்றரை மணி நேரப் பயிற்சி என்றால் ஏறக்குறைய இப்படிப் பிரிக்கலாம்: உடம்பைச் சூடாக்க 15 நிமிடம், கால்வேலை 20, ஒரே ஒரு நுட்பம் 25, ஆட்டம் 20, தளர்த்தல் 10. நுட்பம் ஒரு நாளைக்கு ஒன்றுதான். மூன்று பிடியை ஒரே மாலையில் காட்டினால் மூன்றும் கால்வாசிதான் ஏறும்.

யார் ரைடர், யார் கார்னர், யார் கவர் (கார்னருக்கு உள்பக்கம் நின்று துணைக்கு வருகிறவர்) என்று முதல் வருடம் முத்திரை குத்த வேண்டாம். எல்லோரும் எல்லா இடத்திலும் ஆடட்டும். கார்னரில் நிற்கப் பொறுமையும் கீழே தாழ்ந்து நிற்கும் தொடையும் இரும்புப் பிடியும் வேண்டும். கவருக்கு மோதித் தள்ளும் உடம்பும், கார்னர் எப்போது பாய்வான் என்று முன்கூட்டியே தெரியும் மனமும் வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்தவரான தர்மராஜ் சேரலாதன், நாற்பது வயதைக் கடந்த பிறகு, 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிப் புரோ கபடி கோப்பையை வென்றார். அவர் நின்ற இடம் கார்னர். வேகம் குறைகிற வயதிலும் கண்ணும் பொறுமையும் நிற்கவைக்கும் இடம் அது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எல்லோருக்கும் ரைடர் ஆகத்தான் ஆசை, கைதட்டல் அங்கேதான் விழும்.

ஒரு பிடி, படிப்படியாக

கார்னரின் கணுக்கால் பிடியை எடுத்துக்கொள்வோம். எதிரணிக் களத்தின் பின்பகுதியில் இருக்கும் போனஸ் கோட்டைத் தாண்டி ரைடர் ஒரு காலை வைக்கும்போது மற்றக் கால் அந்தரத்தில் இருந்தால்தான் போனஸ் புள்ளி. அதாவது அந்தக் கணத்தில் உடம்பின் மொத்த எடையும் முன்காலில். அந்தக் காலைப் பிடித்தால் அவனால் அடுத்த அடி எடுத்துவைக்க முடியாது. விதியே பிடிக்கான நேரத்தைச் சொல்லித் தருகிறது.

முதல் நாள், ரைடர் வேடத்தில் ஒருவர் சும்மா காலை நீட்டி நிற்பார். கார்னர் இடுப்பைத் தாழ்த்தி நுழைந்து, இரண்டு உள்ளங்கையாலும் கணுக்காலைச் சுற்றிப் பூட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி, காலைத் தன் வயிற்றை நோக்கி இழுக்க வேண்டும். தலை ரைடரின் முழங்காலுக்கு நேரே இருக்கக்கூடாது, காலின் வெளிப்பக்கம் ஒதுங்க வேண்டும். பத்து முறை, இரண்டு சுற்று. அடுத்த சில நாள், ரைடர் மெதுவாக நடந்து வந்து காலை வைப்பார். பிறகு ரைடர் மூன்று தடவை ஏமாற்றிவிட்டு நான்காவதில் உண்மையாக வைப்பார். இரண்டாவது ஏமாற்றுக்கே பாய்கிற கார்னர் தவறிழைத்தவன். இந்தக் கட்டத்தில்தான் அதிக நாள் தங்க வேண்டும், கற்பது கையைவிடப் பொறுமை என்பதால். கடைசியாக, பிடி விழுந்த ஒரு விநாடிக்குள் கவர் வந்து ரைடரின் மேலுடம்பைத் தள்ளி முடிக்கும் பயிற்சி.

பிடி நழுவினால் காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்று. சீக்கிரம் பாய்ந்தது. இடுப்பு உயர்ந்தே இருந்தது. ஒற்றைக் கையால் பிடித்தது. கவர் வர தாமதித்தது. நான்காவது கார்னரின் குற்றமே அல்ல, ஆனால் திட்டு விழுவது பெரும்பாலும் கார்னருக்கு. பார்த்துத் திட்டுங்கள். அல்லது, திட்டாமல் கவரை அரை அடி உள்ளே நிறுத்திப் பாருங்கள்.

முழங்கால் தலையில் இடித்து, பிள்ளைக்கு மயக்கமோ வாந்தியோ தலைசுற்றலோ வந்தால் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. அவனே "ஒண்ணுமில்ல சார்" என்றாலும் முடிந்ததுதான். மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே திரும்ப வரவேண்டும்.

நோட்டில் எழுதுவது

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். உதாரணத்துக்கு இரண்டு ரைடர்கள், ஆளுக்கு 20 ரைடு. முதலாமவன் 10 புள்ளி எடுத்து, 9 முறை அவுட், ஒரு வெறும் ரைடு (புள்ளியும் இல்லை, அவுட்டும் இல்லை). இரண்டாமவன் 8 புள்ளி, 4 முறை அவுட், மீதி வெறும் ரைடு. கூட்டத்துக்கு முதலாமவன்தான் நாயகன். ஆனால் அவன் அவுட் ஆன ஒவ்வொரு முறையும் எதிரணிக்கு ஒரு புள்ளி. கழித்துப் பார்த்தால் முதலாமவன் தந்தது 1, இரண்டாமவன் தந்தது 4. அதோடு முதலாமவன் வெளியே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அணி ஒரு ஆள் குறைவாக நின்றது. இந்தக் கணக்கை நோட்டைத் திறந்து பிள்ளைக்கே காட்டுங்கள். வெறும் ரைடு கோழைத்தனம் அல்ல என்று அப்போதுதான் புரியும்.

பிடிக்கிறவர்களுக்கு: முயன்ற பிடி எத்தனை, விழுந்தது எத்தனை, தனியாகப் பாய்ந்து, கைகோத்து நிற்கும் சங்கிலியை உடைத்தது எத்தனை. தனியாகப் போனதற்கு ஒரு பத்தி எப்போதும் வைத்திருங்கள். மூன்றோ அதற்குக் குறைவோ ஆள் நிற்கும்போது பிடித்தால் இரண்டு புள்ளி என்பதால் அப்போது துணியலாம். ஏழு பேர் நிற்கும்போது தனியாகப் பாய்வது ஆசை. லாபியில் கால் வைத்துத் தானே அவுட் ஆனதையும் எழுதுங்கள், களைப்பு எங்கே தொடங்குகிறது என்று அது காட்டும்.

திருத்தம் ஒரு நேரத்தில் ஒன்று. நுட்பத்தைக் களத்தில் எல்லோர் முன்னாலும் திருத்தலாம், எல்லோரும் கற்பார்கள். நடத்தையைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் பேச வேண்டும். அடிப்பது கூடாது. அடி வாங்கும் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது மறைக்க: வலியை மறைப்பான், தவறை மறைப்பான், வீட்டுப் பிரச்சினையை மறைப்பான். தண்டனையாகப் பத்துச் சுற்று ஓடவிடுவதும் வேண்டாம், அதற்குப் பிறகு ஓட்டத்தைப் பார்த்தாலே அவனுக்குத் தண்டனையாகத் தெரியும். தாமதமாக வந்தவர் முதல் பதினைந்து நிமிடம் வெளியே உட்கார்ந்து நோட்டில் புள்ளி எழுதட்டும். அது போதும், கற்கவும் செய்வார்.

எடை, சாப்பாடு, இரவு ஆட்டம்

எடை பார்க்கும் நாளுக்கு முந்தின இரவு தண்ணீர் குடிக்காமல், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடி, எச்சில் துப்பி இரண்டு கிலோ குறைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உடம்பில் நீர் வற்றியவன் மறுநாள் தசைப்பிடிப்போடு ஆடுவான், வெயிலில் மயங்கி விழவும் கூடும். பெரியவர்கள் எடை குறைக்க வேண்டுமென்றால் வாரத்துக்கு அரைக் கிலோ கணக்கில், ஆறு வாரம் முன்னாலேயே தொடங்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு எடை குறைப்பதே கூடாது. வரம்பைத் தாண்டிவிட்டால் மேல் பிரிவில் ஆடட்டும்.

ஆடுகிற உடம்புக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய ஒன்றரை கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ பிள்ளைக்கு 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம். மூன்று முட்டை, ஒரு பெரிய கைப்பிடி கடலை, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், பருப்பு, தயிர் என்று நாள் முழுதும் பரவினால் பவுடர் டப்பா எதுவும் தேவைப்படாது. பல பிள்ளைகளுக்குக் காலையில் சாப்பிட ஒன்றுமே இருக்காது என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

மின்னொளிப் போட்டிகள் விடிய விடிய நடக்கும். பரிசுத்தொகை, சுழற்கோப்பை, ஊர்ப்பெருமை. மூன்று இரவு மூன்று ஊரில் ஆடிய பையன் திங்கட்கிழமை வகுப்பில் தூங்குவான், செவ்வாய்க்கிழமை பயிற்சியில் முழங்காலைத் திருகிக்கொள்வான். ஆகவே முன்கூட்டியே ஒரு விதி: அடுத்தடுத்த இரண்டு இரவு ஆடக்கூடாது, பொதுத்தேர்வுக்கு முந்தின இரண்டு மாதம் ஒரு இரவும் கூடாது. பரிசுப் பணம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று எல்லோர் முன்னாலும் எண்ணிக் கொடுங்கள். அணிகள் உடைவது தோல்வியால் அல்ல, பெரும்பாலும் இந்தக் கணக்கால்தான்.

பட்டியலில் பெயர் இல்லாதவர்

12 பேர் போகும் அணிக்கு 20 பேர் உழைத்திருப்பார்கள். எட்டுப் பேருக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டு மறைந்துவிடுகிற பயிற்சியாளர், அந்த எட்டுப் பேரில் நான்கு பேரையாவது ஆட்டத்தைவிட்டே அனுப்பிவிடுகிறார். ஒட்டுவதற்கு முந்தின மாலை ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட வேண்டும். உட்காரச் சொல்ல வேண்டும். நோட்டைத் திறந்து அவர் பக்கத்தைக் காட்ட வேண்டும். "நீ நல்லா ஆடுற, ஆனா இந்தத் தடவை இல்ல" என்று மட்டும் சொன்னால் அவருக்குக் கையில் எதுவும் இருக்காது. "இடது பக்கம் திரும்பும்போது கால் தாமதமா வருது. ஆறாவது ஓட்டத்துல அரை விநாடி கூடுதலா ஆகுது. இந்த ரெண்டையும் ஜூன் மாசம் திரும்பப் பாக்குறேன்" என்று சொல்லி, தேதியை அவர் கண் முன்னாலேயே நோட்டில் எழுத வேண்டும். அந்தத் தேதியில் அவருக்கு முன்பே பயிற்சியாளர் மைதானத்தில் இருக்க வேண்டும், கையில் ஸ்டாப்வாட்சோடு.